பொம்பளை போல்ட்டு

உடைந்த போல்ட்டின் ஒரு பாதி நேரியோ மொரில்லோவின் உள்ளங்கையில் கிடந்தது. மறு பாதி தரையில் உருண்டு, பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது. யாரும் அடிக்கவில்லை, யாரும் இழுக்கவில்லை. பெயின்ட் அடிக்க வந்த இரண்டு பேர் குழாய் மூட்டின் மேலிருந்த தகர மூடியைக் கழற்றினார்கள், அவ்வளவுதான். கட்டைவிரல் பருமனுள்ள எஃகு தானாக இரண்டாகி, டங்கென்று சிமெண்டில் விழுந்தது. அது என்னவென்று அவர்கள் குனிந்து பார்க்கும்போதே இன்னொன்று விழுந்தது.

எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த மரக்காய்போ ஏரியில் முப்பத்தொரு வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவர் நேரியோ. அறுந்த போல்ட்டு என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலில் நீளும், நடுவில் இடுப்பு சிறுக்கும், அப்புறம்தான் அறும். அறுவதற்கு முன் ஆளுக்கு நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் அறும். இது ஒன்றும் சொல்லவில்லை. நீளவில்லை, சிறுக்கவில்லை. கத்தி வைத்து வெட்டியது போல நேராக, மினுமினுவென்று, சின்னச் சின்ன மணிகளாகத் தெரிந்தது உடைந்த முகம்.

ஏரியின் கபீமாஸ் கரையிலிருந்த அந்தக் காஸ் பிளான்ட்டை உடனே நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் முட்டை நாற்றம் அடித்தது, காற்று கொண்டுபோய்விட்டது. நேரியோவுக்குக் கோபம் பெயின்டர்கள் மேல் திரும்பியது. சுத்தியலால் தட்டியிருப்பீர்கள், பாரையை வைத்து நெம்பியிருப்பீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று பிடிபிடியென்று பிடித்தார். நாலு நாளில் சினீத்தா மாதாவின் திருவிழா. அந்த மாதா மேலேயே சத்தியம் செய்தார்கள் இருவரும். நேரியோ நம்பவில்லை. நம்பினால் பழி வேறு எங்கோ போகும் அல்லவா?

ஏனென்றால் அந்தப் போல்ட்டுகளை மாட்டியது அவர்தான்.

அதைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஏரியில் பட்டப்பெயர் இல்லாத மனுஷன் கிடையாது. நேரியோவுக்கு இரும்புக்கை என்று பெயர். ஸ்பானருக்குப் பின்னால் ஆளுயரக் குழாயைச் செருகி அவர் ஒரு தரம் இழுத்தால் அந்த நட்டு அடுத்த தலைமுறைக்கும் அசையாது என்பார்கள். அந்தப் பெயரை அவர் ரொம்ப அருமையாக வைத்திருந்தார், பைபிளைக்கூட அப்படி வைத்ததில்லை. பிப்ரவரியில் பெரிய பராமரிப்பு வேலை வந்தபோது, கிடங்கிலிருந்து புதுப் போல்ட்டுகள் வந்தன. நுனியில் வழக்கமான எழுத்துகளோடு கூடுதலாக ஓர் எழுத்து: எம். நேரியோ முதல் போல்ட்டைத் தம் கட்டி இழுத்தார். அது இறுகுவதற்குப் பதிலாக நீண்டது. சுற்றி நின்ற அத்தனை பேர் முன்னாலும், பலகாரத்துக்குப் பிசைந்த மாவு மாதிரி நீண்டது.

கும்பல் சிரித்தது. கிடங்குக்காரன் எம் என்றால் என்ன என்று தெரியாதா என்று கேட்டான்; அவனே பதிலும் சொன்னான். முஹேர். அவர்கள் பாஷையில் பொம்பளை. அன்றிலிருந்து அது பொம்பளை போல்ட்டு. "இரும்புக்கைக்குப் பொம்பளை போல்ட்டா?" என்று ரேடியோவில் ஏரி முழுக்கக் கேலி. நேரியோ வாளியோடு அவற்றை ஒதுக்கி வைத்தார். மீனவர்களுக்கு வலைக்குக் குண்டாகக் கொடுக்கச் சொன்னார். எம் இல்லாத பழைய போல்ட்டுகளை வரவழைத்தார். அவை கல் மாதிரி இருந்தன. கரைப் பிளான்ட்டில் பதினாறு, ஏரிக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் ஏழாம் மேடையில் பதினாறு. வேலை முடிந்ததும் தாளில் 'எம் போல்ட்டு, பதினாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளில் அப்படித்தான் இருக்க வேண்டும், வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. தாளுக்குத் தெரியுமா இரும்பின் அருமை என்பது அவர் எண்ணம்.

அந்தப் பெயர் போல்ட்டோடு நிற்கவில்லை. அவருடைய மகன் எடிக்சன் அதே கம்பெனியில் மெக்கானிக். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை வேறு. ஆனால் படகில் ஏறினால் வாந்தி எடுப்பான். மீனவர் வம்சத்தில் பிறந்தவன் ஏரித்தண்ணிக்கு வாந்தி எடுத்தால் அப்பன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நேரியோவே முந்திக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அவனை 'எம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். பையன் சிரித்துக்கொள்வான். ஒரே ஒரு நாள், ஏழாம் மேடையில் அந்தப் போல்ட்டு வேலை நடந்தபோது, கடைசி நாலை நானே முறுக்குகிறேன், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் என்று மல்லுக்கு நின்றான். நேரியோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சரி, கதைக்கு வருவோம். பெயின்டர்களை அவர் வறுத்துக்கொண்டிருக்கும்போதே பரிசோதனைக் கூடத்திலிருந்து யோலெய்தா பிராச்சோ வந்து சேர்ந்தாள். உலோகம் படித்த இன்ஜினியர். முப்பது வயதிருக்கும், ஆள் ஒல்லி, தலையில் இருந்த ஹெல்மெட் அவளைவிடக் கனமாகத் தெரிந்தது. அவள் மேல் நேரியோவுக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. கருவி ஏதாவது கொண்டுவந்திருப்பாள் என்று பார்த்தால், சட்டைப் பையிலிருந்து ஓர் அரத்தை எடுத்தாள்.

போல்ட்டுத் துண்டை வாங்கி அரத்தைத் தேய்த்தாள். வழுக்கியது. அழுத்தித் தேய்த்தாள். கண்ணாடிமேல் தேய்த்தது போலக் கிறீச்சிட்டு மறுபடியும் வழுக்கியது.

"பாத்தியாம்மா?" என்றார் நேரியோ. பேச்சில் பெருமை வழிந்தது. "அரமே ஏறல. அவ்ளோ உரம். இதை எவனோ வேணும்னே உடைச்சிருக்கான்."

அவள் துண்டின் நுனியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தரையில் கிடந்த மற்றதையும் எடுத்துப் பார்த்தாள்.

"மேஸ்திரி, எம் எங்க?"

நேரியோ சிரித்தார். பொம்பளை போல்ட்டைக் கேட்கிறாயா, அதெல்லாம் இப்போது மீன் பிடிக்கிறது என்றார். பெயின்டர்களும் சிரித்தார்கள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை என்பதை முதலில் கவனித்தவர் நேரியோதான். சிரிப்பு அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

"இந்தக் கிணத்துலேர்ந்து வர்றது புளிச்ச காஸு மேஸ்திரி. அழுகின முட்டை நாத்தம் அடிக்குதே, அது. துருப் பிடிக்க வச்சா கண்ணுக்குத் தெரியும், தேய்ச்சு எடுத்துடலாம். இது உள்ள போயிடும். அதுல இருக்கற ஹைட்ரஜன் அவ்ளோ பொடிசு, எஃகுக்குள்ளயே நடந்து போகும்." அவள் மூச்சு வாங்கினாள். "மெத்துனு இருக்கற எஃகு கொஞ்சம் நெளிஞ்சு குடுத்துச் சமாளிச்சுக்கும். உரமானது நெளியாது. நீங்க இழுத்துக் கட்டின கட்டுலயே உள்ள கீறல் விடும். வெளிய ஒண்ணும் காட்டாது. நேத்து சுட்ட அரேபா ரொட்டி மாதிரி, ஒரு நாள் படக்குனு ரெண்டா போயிடும். அதுக்காகத்தான் எஃகை வேணும்னே மெத்துனு ஆக்கி எம்-னு குத்தி அனுப்பறாங்க."

"எம்னா..."

"பொம்பளை இல்ல மேஸ்திரி."

நேரியோ கையிலிருந்ததைப் பார்த்தார். அரம் ஏறாத அந்த உரத்தைத்தான் இத்தனை வருடமாக அவர் கொண்டாடியிருக்கிறார். உரம்தான் நோயா? அவருக்கு நம்ப முடியவில்லை. தண்ணீர் நனைக்காது, நெருப்பு சுடாது என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் இரண்டாய்ப் போன போல்ட்டு உள்ளங்கையில் கிடக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

"திறந்த காத்துல இருந்தாக்கூட இவ்ளோ சீக்கிரம் ஆகியிருக்காது," என்றாள் அவள் தகர மூடியைத் தொட்டு. கூழைக்கடாக்கள் உட்கார்ந்து எச்சமிட்டு மூட்டைப் பாழாக்குகின்றன என்று எல்லா மூட்டுக்கும் கம்பெனி போட்டுவிட்ட மூடி அது. "உள்ள லேசா கசிஞ்ச காஸு வெளிய போக வழியில்லாம இதுக்குள்ளயே நின்னுருக்கு. ஒன்பது மாசமா இந்தப் போல்ட்டு அதுலயே ஊறியிருக்கு. வேற எங்க மாட்டினீங்க?"

நேரியோ வாயைத் திறந்தார். ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மேஸ்திரி, வேற எங்க?"

"ஏழுல," என்றார்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது. பதினோரு மணிக்கு ஏழாம் மேடையில் புதுக் கிணற்றை இணைத்து அழுத்தத்தை ஏற்றப் போகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அங்கே பதினொரு பேர் வேலையில் இருந்தார்கள். அதில் ஒருவன் எடிக்சன்.

கட்டுப்பாட்டு அறைக்கு அவர்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். ஐம்பத்தாறு வயதில் நேரியோ அந்த ஒல்லிப் பெண்ணை முந்திக்கொண்டு ஓடினார்.

உள்ளே பொறுப்பிலிருந்தவர் இன்ஜினியர் ஃபரியா. கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் தாளில் இருப்பதைத்தான் நம்புவார். யோலெய்தா மூச்சிரைக்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்துப் பிரித்து, பிப்ரவரி மாதத்துத் தாளை அவள் முன்னால் வைத்தார். கரைப் பிளான்ட்டுக்குத் தப்பான பெட்டி வந்திருக்கலாம், கிடங்கில் விசாரிப்போம், ஆனால் ஏழுக்கு எம் போல்ட்டுதான் போயிருக்கிறது, இதோ பார் என்றார். ஏழை நிறுத்தினால் பக்கத்து இரண்டு மேடைகளும் நிற்கும், ஊருக்கு அடுப்பெரியாது, திருவிழா வாரத்தில் யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று மேலிடம் தன் கழுத்தைப் பிடிக்கும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"கீழ மொரில்லோ கையெழுத்து இருக்கும்மா," என்றார் ஃபரியா. "அதைச் சந்தேகப்படற அளவுக்கு நான் இன்னும் வளரல. நீங்களே சொல்லுங்க மேஸ்திரி. ஏழுல என்ன மாட்டினீங்க?"

மறைப்பானேன், அந்த ஒரு கணம் நேரியோவின் மனசு பொய்யைத்தான் தேடியது. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டவனைக் கம்பெனி வாசலோடு அனுப்பிவிடும்; ஓய்வூதியம் கிடையாது, கம்பெனி வீடும் கிடையாது. ஞாபகம் இல்லை, எதற்கும் ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆள் போய்ப் பார்ப்பான், மூடியைக் கழற்றுவான். மூடியைக் கழற்றப் போகிறவன் யார்? மேடையில் மெக்கானிக் யார்?

நேரியோ மேஜைமேல் இருந்த ரேடியோ மைக்கைப் பிடுங்கினார். அது பொது அலைவரிசை. எல்லா மேடையும், எல்லாப் படகும், சமையற்கட்டு முதற்கொண்டு கேட்கும். காலையிலிருந்து அதில் திருவிழாப் பாட்டும் கேலியும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏழு, ஏழு. நான் நேரியோ பேசறேன். கேக்கறவன் எல்லாம் கேட்டுக்குங்க. ஏழுல கூழைக்கடா மூடிக்குள்ள இருக்கற போல்ட்டு எதுவும் எம் இல்ல. நான்தான் மாத்தினேன். எம்-னு எழுதிக் கையெழுத்துப் போட்டது பொய். அதே போல்ட்டு இங்க கரையில ரெண்டா உடைஞ்சு என் கையில கிடக்கு. அழுத்தத்தை ஏத்தாதீங்க. இறக்குங்க. ஆளுங்களைக் காத்து வர்ற பக்கம் கொண்டு போங்க."

பாட்டு நின்றது. கேலி நின்றது. ஃபரியா அவரையே பார்த்தார். அப்புறம் மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை. நேராகப் போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்.

பிறகு ரேடியோவில் எடிக்சனின் குரல் வந்தது.

"அப்பா? காலைல அந்த மூடிக்கிட்ட முட்டை நாத்தம் அடிச்சுதுப்பா. எழுதி வச்சேன். இப்பப் போய்ப் பாத்தேன், நாத்தம் இல்ல. சரியாயிடுச்சு போல."

யோலெய்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே வேலை செய்யும் எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் விஷயம் அது. நாற்றம் அடிக்கும்வரை பிழைப்பாய். காஸ் அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும், நாற்றம் நின்றுவிட்டது போல இருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்தால் ஓடு. தெரிந்த பையன்தான். காலையில் மேடைப் படிகளில் பதினோரு தடவை ஏறி இறங்கிய களைப்பில் தோன்றவில்லை.

"எடிக்சன், நாத்தம் நிக்கல. உன் மூக்கு நின்னுருக்கு," என்றார் நேரியோ. "முகமூடியைப் போடு. எல்லாரும் போடுங்க. இந்த நிமிஷமே."

கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது என்று பிற்பாடு பல படகுக்காரர்கள் சொன்னார்கள்.

குழாயின் ஒரு பக்கத்து வால்வு பொத்தானுக்கு மூடிக்கொண்டது. மறுபக்கத்து வால்வைக் கையால்தான் சுற்றி மூட வேண்டும். அது இருந்தது அந்த மூட்டிலிருந்து எட்டடி தூரத்தில். ஒன்பது பேரைப் படகில் இறக்கிக் காற்று வரும் பக்கம் அனுப்பிவிட்டு, இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் மேடைத் தலைவன். இன்னொருவன் எடிக்சன். சக்கரத்தைச் சுற்றத் தெரிந்தவன் அவன்தான். வேறு யாரை நிற்கச் சொல்வது? நீ வேண்டாம், இறங்கிப் போ என்ற சொல் நேரியோவின் தொண்டை வரை வந்தது. மைக் அவர் கையில்தான் இருந்தது. அவர் மாட்டிய போல்ட்டுக்கு வேறு ஒருவர் பெற்ற பிள்ளையை எப்படி நிற்கச் சொல்வார்? சொல்லை விழுங்கினார்.

அழுத்தத்தை ஒரேயடியாக இறக்க முடியாது. படிப்படியாகத்தான் இறக்க முடியும். முப்பத்தெட்டு நிமிடம். மேடைத் தலைவன் முகமூடிக்குள்ளிருந்து அழுத்தமானி முள்ளைப் பார்த்துப் பார்த்து எண் சொன்னான். தொண்ணூறு. எண்பத்தேழு. எண்பத்தேழு. மறுபடி எண்பத்தேழு. நேரியோ போல்ட்டுத் துண்டை இறுகப் பிடித்ததில் உள்ளங்கை வெட்டிக்கொண்டு ரத்தம் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. யோலெய்தாதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கிக்கொண்டாள்.

பதினொன்றே கால் வாக்கில் மேடைத் தலைவன் பூஜ்யம் என்றான். பூஜ்யம் என்று இன்னொரு தரமும் சொன்னான். ஃபரியா நாற்காலியில் உட்கார்ந்தார். நேரியோ அழுதார். அவர் அழுது அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

மூடியைக் கழற்ற யோலெய்தா போனபோது அவரும் படகில் ஏறிக்கொண்டார். உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறேன், போகக் கூடாது என்று ஃபரியா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேடையில் எடிக்சன் ஏணி முனையில் நின்று கை கொடுத்துத் தூக்கிவிட்டான். முகமூடி அழுத்திய தடம் கன்னத்தில் சிவப்பாக இருந்தது.

மூடி வந்தது. வட்டமாகப் பதினாறு போல்ட்டுகள், எல்லாம் நுனி வரை மஞ்சள் பெயின்ட் பூசி, பார்க்க அப்படி ஓர் அழகு. யோலெய்தா முதல் நட்டில் ஸ்பானரைப் போட்டாள். நட்டு சுற்றவில்லை. போல்ட்டின் பாதியும் நட்டுமாகச் சேர்ந்து அவள் கையோடு வந்துவிட்டது. அவள் அதை மெதுவாகத் தரையில் வைத்தாள். இரண்டாவதும் அப்படியே வந்தது. மூன்றாவதை அவள் தொடக்கூட இல்லை, பக்கத்தில் தட்டிய அதிர்விலேயே விழுந்தது. அவற்றை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது பெயின்ட்.

ஒன்பது போல்ட்டுகள் ஏற்கெனவே இரண்டாகியிருந்தன. மூன்று பாதி கீறி, நூலில் தொங்கின. பன்னிரண்டு போய்விட்டது. மேடைத் தலைவன் மாதாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். எதைப் பிடித்துக்கொண்டு இந்த மூட்டு நின்றது என்று கேட்டான்.

மிச்சம் நாலு. வட்டத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று. யோலெய்தா ஸ்பானரில் முழுப் பலத்தோடு இழுத்தாள். அசையவில்லை. அரத்தை எடுத்து ஒன்றின் மேல் தேய்த்தாள். அரம் வழுக்கவில்லை. சரக்கென்று கடித்து, வெள்ளி நிறத்தில் பொடி உதிர்ந்தது. அவள் திகைத்துப் போய் நேரியோவைப் பார்த்தாள்.

நேரியோ மண்டியிட்டு உட்கார்ந்து, நகத்தால் நுனியிலிருந்த பெயின்ட்டைச் சுரண்டினார். தடித்த பூச்சு, இரண்டு மூன்று தரம் வேண்டுமென்றே பூசியது போல. கீழே எழுத்து தெரிந்தது. எம். அடுத்ததைச் சுரண்டினார். எம். நாலும் எம்.

"யார் மாட்டினது இதை?" என்றார். அவருக்கே பதில் தெரிந்துவிட்டது. குறுக்குக் குறுக்காக எதிரெதிரே போல்ட்டுப் போடுகிறவன் கடைசியில் நாலை விட்டால், அது வட்டத்தில் சரியாக இந்த நாலு இடத்தில்தான் வந்து நிற்கும்.

எடிக்சன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்குப் பன்னண்டு போட்டதும் போல்ட்டு தீந்துடுச்சுப்பா. கீழ படகுல இன்னொரு பெட்டி இருக்கு, போய் நாலு எடுத்துட்டு வான்னு சொன்னீங்க. ஏணியில எட்டிப் பாத்தேன். அலை அப்படி அடிச்சுது. படகு மேலயும் கீழயும் போச்சு. எனக்கு அங்கயே குமட்டிடுச்சு. இறங்கினா மறுபடி எல்லார் முன்னாலயும் வாந்தி எடுப்பேன், நீங்க எம்-னு கூப்பிடுவீங்க." அவன் நிறுத்தினான். "மீன்காரங்களுக்குக் குடுக்கச் சொல்லி நீங்க ஒதுக்கின வாளி மேடைல பக்கத்துலதான் இருந்துது. அதுலேர்ந்து நாலு எடுத்துப் போட்டுட்டேன். நீங்க முறுக்கினா நீளும், கண்டுபிடிச்சுடுவீங்க. அதான் நானே முறுக்கறேன், நீங்க சாப்பிடப் போங்கன்னேன். எழுத்து தெரியாம இருக்க பெயின்ட்டை அப்பினேன்."

நேரியோ அந்த நாலு போல்ட்டுகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரோஷம் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்ன அந்த நாளில், பையன் பயந்துபோய்த் திருட்டுத்தனம் செய்திருக்கிறான். அந்தத் திருட்டுத்தனத்தில்தான் பதினொரு பேர் இன்றைக்கு மூச்சு விடுகிறார்கள்.

யோலெய்தா பையிலிருந்து புதுத் தாளை எடுத்து நீட்டினாள். என்ன மாட்டியிருந்தது, யார் மாட்டியது என்று உள்ளபடி எழுத வேண்டும் என்றாள். நேரியோ பேனாவை வாங்கினார். எழுத்து கோணலாக வந்தது. 'எம் இல்லாதது, பன்னிரண்டு, நேரியோ மொரில்லோ.' அதற்குக் கீழே, 'எம், நாலு, எடிக்சன் மொரில்லோ.' கையெழுத்துப் போட்டார். இனி அந்தக் கையெழுத்துக்குக் கம்பெனியில் மதிப்பு இருக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

திரும்பும்போது ஒன்பது பேரும் படகில் இருந்தார்கள். கரைக்கு மூன்று மைல் இருக்கும்போது எடிக்சன் வழக்கம்போல எழுந்து ஓரத்துக்குப் போனான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க ஆரம்பித்தான். பழக்கதோஷத்தில் எல்லோர் கண்ணும் நேரியோ பக்கம் திரும்பியது. கேலியை ஆரம்பித்து வைப்பவர் அவர்தானே.

நேரியோ எழுந்து போனார். இரும்புக்கை என்று பெயர் வாங்கிய கையை மகனின் நெற்றியில் வைத்துத் தாங்கிக்கொண்டார். பையன் எடுத்து முடிக்கும்வரை அப்படியே நின்றார்.

"நல்லவேளைடா," என்றார் மெதுவாக. "நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கல."

எடிக்சன் வாயைத் துடைத்துக்கொண்டான். மறுபடியும் குமட்டியது, மறுபடியும் குனிந்தான். நேரியோ கையை எடுக்கவில்லை.